பாகாயத்தில் இருந்த நாட்கள்

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பாகாயத்தில் நிற்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது வெறும் ஒரு ஸ்டாப். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், கோட்டையைப் பார்க்கவும், சினிமாவுக்கும் வேலூர் போகும்போது, பாகாயம் வந்துவிட்டால் காலை மடக்கி வைத்துக்கொண்டு பையைத் தேட ஆரம்பிப்போம். ஜன்னல் வழியாக மருத்துவக் கல்லூரியின் மதில் சுவரும் அதற்குள்ளே அடர்ந்த மரங்களும் தெரியும். அதற்கும் பின்னால் கரும்பாறைக் குன்றுகள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் சைக்கிளில் போவார்கள். அந்த மதிலுக்குள் நமக்கு ஒரு வேலை இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

1991, மாசி மாதம். புளி உலுக்கும் காலம். எங்கள் பக்கத்தில் புளியமரங்களைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்து, மாசி பங்குனியில் ஆள் வைத்து உலுக்குவார்கள். கிளை முறிந்தால் முறிந்ததுதான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் குறைவு. அண்ணன் பிறத்தியாருக்காக ஏறவில்லை, எங்கள் வரப்பு மரத்தில்தான் ஏறினான். கீழே நாங்கள் பழைய புடவைகளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். கிளையோடு வந்து விழுந்தான். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. "பாப்பா, என் கால் எங்க இருக்குது பாரு" என்றான். கால் அவனோடுதான் இருந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே அவனை அசைக்காமல் படுக்க வைத்திருந்தார்கள். அசைக்காமல் படுத்தே இருந்ததில் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அளவுக்குப் புண் விழுந்துவிட்டது. அவனுக்கு அது வலிக்கவே இல்லை. அவனுக்குக் கீழே விரித்திருந்த புடவையை மாற்றும்போது அம்மாதான் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். அந்தப் புண்ணோடுதான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில், "இனிமே பாகாயம் போங்க, ரீஹாப்ல சேத்துக்குவாங்க" என்றார்கள்.

அந்த வருடக் கோடை முழுவதும், அதைத் தாண்டியும், பாகாயம் எங்கள் ஊராக இருந்தது.

வேலூர் வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகல் முழுவதும் குடித்த சூட்டை அவை ராத்திரியில் திருப்பிக் கக்கும். பாகாயத்தில் மரங்கள் இருந்ததால் நாங்கள் பிழைத்தோம். அம்மா வார்டிலேயே இருந்தாள். நான் காலேஜ் லீவில் இருந்ததால் பக்கத்தில் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்து, தூக்குச் சட்டியில் கொண்டுபோவேன். அப்பா வாரம் ஒருமுறை அரிசியோடும் முருங்கைக்காயோடும் வந்து, அண்ணன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, எதுவும் பேசாமல் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

ரீஹாப்பில் என்னை முதலில் நிறுத்தியது, அங்கே யாரும் அவசரப்படவில்லை என்பது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஸ்ட்ரெச்சர் ஓடும், சிஸ்டர் ஓடுவார், எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் ஓடுவார்கள். இங்கே ஒரு ஆள் சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ள அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். உதவி செய்ய அம்மா கை நீட்டினால், "அம்மா, கையப் பின்னால கட்டிக்கோங்க" என்பார். அம்மாவுக்கு முதல் வாரம் அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த இடத்தை உண்டாக்கியவரின் கதையைச் சொன்னதும் அந்தத் தெரபிஸ்ட்தான். டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரிலேயே படித்து, மகப்பேறு மருத்துவராக இருந்தவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டர் நிற்க வேண்டும், குனிய வேண்டும், ஓட வேண்டும். அந்த வழி அடைந்துபோனது. அப்போது வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அறுவை செய்து வந்தார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் இல்லையா? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளைத் திறந்து தைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி எடுத்துவிட்டு வேலூருக்கே திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் இந்த மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்கள் போனபோது அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

அம்மா அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த டாக்டரம்மாவுக்குக் கால் வந்துச்சா?"

"வரலம்மா."

"வராமயேவா இத்தனையும் பண்ணாங்க?"

அந்தக் கேள்வியை அம்மா அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. தனக்குள் வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாகாயத்தில் நாங்கள் படித்த முதல் பாடம் அதுதான். உணர்வு இல்லாத உடம்பை ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல் செத்துப்போகும். நமக்கானால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். அவனுக்கு வலிக்காது. அதனால் நாம் புரட்ட வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். முட்டிக்கும் முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. முதுகுக்கு ஒன்று. விரிப்பில் ஒரு மடிப்பும் இருக்கக் கூடாது. ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால்கூடப் புண் ஆகிவிடும். பகலில் பரவாயில்லை. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு.

இந்த இரண்டு மணி நேரக் கணக்குக்கு ஒரு சரித்திரம் இருப்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. தண்டுவடம் அறுந்தவர்கள் ஒரு காலத்தில் பெரும்பாலும் பிழைத்ததில்லை. படுக்கைப்புண்ணிலும், சிறுநீர்ப்பையில் பரவும் கிருமியிலும் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ போய்விடுவார்கள். டாக்டர்களும் அதை விதியென்று விட்டுவிட்டார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்கான வார்டைப் பொறுப்பேற்றபோது அதை ஏற்க மறுத்தார். அவர் கையில் அதிசய மருந்து ஒன்றும் இல்லை. இரவும் பகலும் நேரம் தவறாமல் புரட்டு, சிறுநீரைச் சுத்தமாக எடு, எழுப்பி உட்கார வை, வேலை கொடு, விளையாட விடு என்றார். 1948-ல் அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் அவர் நடத்திய வில் வித்தைப் போட்டியிலிருந்துதான் இன்றைய பாராலிம்பிக்ஸ் வளர்ந்தது. உலகம் அந்தப் பதக்கங்களைப் பார்க்கிறது, பார்க்கட்டும். அவற்றுக்கு அடியில், நடுராத்திரியில் யாரோ யாரையோ புரட்டிவிட்ட ஆயிரக்கணக்கான இரவுகள் இருக்கின்றன. எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் வங்காளத்துப் பையன் ஒருவன். கட்டடத்திலிருந்து விழுந்தவன். கூட இருந்தவர் அவன் அப்பா. வெள்ளைப் பனியனும் கட்டம்போட்ட லுங்கியும், பேசாத மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. முதல் சில நாட்கள் ஒருவர் புரட்டுவதை மற்றவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கட்டில் காலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுந்து பார்த்தால் அண்ணன் வலப்பக்கம் திரும்பிக் கிடக்கிறான், தலையணைகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. அந்தப் பெரியவர் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு விரலைக் காட்டி, தூங்கு என்று கையால் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. பன்னிரண்டும் நான்கும் அம்மா, இரண்டும் ஆறும் அவர். இரண்டு பையன்களையும் சேர்த்து. என் அம்மா கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைத் தவிர வேற்று ஆண் பக்கத்தில் நின்று பேசியறியாதவள். அவள் வேற்று ஊர்க்காரர் மகனுக்கு மூத்திரப் பையை மாற்றினாள். அவர் என் அண்ணனின் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டார். நான் கொண்டுபோகும் சோற்றில் பாதி அந்தக் கட்டிலுக்குப் போகும். அவர் எங்கிருந்தோ மீன் வாங்கி வந்து, கடுகு அரைத்துப் போட்டு ஒரு குழம்பு வைப்பார். அம்மாவுக்கு அந்தக் கடுகெண்ணெய் வாசனை கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அந்தப் பெரியவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அம்மா "தீதி" (அக்கா), அம்மாவுக்கு அவர் "அந்தப் பெரியவரு".

வலி வேண்டும் என்று ஒரு மனிதன் ஏங்கி அழுததை நான் அங்கேதான் பார்த்தேன். சூடான டீ டம்ளரைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலி வண்டியைத் தள்ளியிருக்கிறான் அண்ணன். சுட்டுக் கொப்புளம் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி துடைக்கும்போது பார்த்த அம்மா சத்தம் போட, அவன் தன் தொடையைத் தானே குத்திக்கொண்டு அழுதான். "ஒரு தடவ வலிச்சா போதும்மா" என்றான். மறுநாள் டாக்டர் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பால் பிராண்ட் வேலூரில் கண்டதைச் சொன்னார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், கிழித்துக்கொள்கிறார்கள், புண்ணோடே நடக்கிறார்கள். அதில்தான் விரல்கள் போகின்றன. வலி உடம்பின் காவல்காரன். அந்தக் காவல் போய்விட்டால் கண்ணைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும். சொல்லிவிட்டு அவன் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். நீளக் கைப்பிடி போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி. காலையிலும் ராத்திரியிலும் அதைப் பின்னால் பிடித்து, முதுகடி, இடுப்பெலும்பு, குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று அவனே பார்க்க வேண்டும்.

அன்றைக்குத்தான் அண்ணன் அந்தக் கேள்வியையும் கேட்டான். எல்லா வீட்டிலும் எல்லோரும் கேட்பது. வார்டில் யாரைப் பார்த்தாலும் கண்ணில் நிற்பது.

"கால் வருமா சார்?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க தண்டுவடத்துல முழுசா அடிபட்டிருக்கு. இத்தனை மாசத்துல கொஞ்சம்கூட உணர்வு திரும்பல. இனிமே வரும்னு நான் சொன்னா அது பொய். நீங்க வீட்டுக்குப் போவீங்க, வேலைக்குப் போவீங்க. அதுக்கு என்ன வேணுமோ எல்லாத்தையும் நாங்க சொல்லித் தருவோம்."

அம்மா வெளியே போய், வேப்பமரத்தடியில், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மணி என்னா?" என்று கேட்டாள். நாலாகப் போகிறது என்றேன். "திருப்பணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏற்றுக்கொள்வது என்றால் மனசு அடங்கிப்போவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா மனசு அடங்கவில்லை, பல வருடம் அடங்கவில்லை. மகனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வேறு வீட்டுக்குப் போனபோது அழுதாள்; ஊரில் அவன் வயசுப் பையன்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அழுதாள். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் காலைத் தேடவில்லை. அதுவரை அண்ணனைத் துடைக்கும்போது அவள் கண் அவன் கால் விரலிலேயே இருக்கும், அசைகிறதா அசைகிறதா என்று. இப்போது முகத்தைப் பார்த்தாள். அவனோடு பேசிக்கொண்டே துடைத்தாள். ஊர்க் கதை, மாடு கன்று போட்ட கதை. அவனும் பதில் பேச ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு பாகாயம் வேகமாக நகர்ந்தது. கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறுவதை, பலகை வைத்துச் சறுக்கிப் போவதை, தரையிலிருந்து கையை ஊன்றி மேலே ஏறுவதை அவன் கற்றுக்கொண்டான். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி இரண்டு கையாலும் ஊன்றி உடம்பைத் தூக்கி ரத்தம் ஓடவிடப் பழகினான். மணி பார்த்து டியூப் போட்டுத் தானே சிறுநீர் எடுக்கக் கற்றான். அதற்கு வெட்கம் விடத்தான் நாளாயிற்று. காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டிக் கம்பிகளுக்கு நடுவில் முதன்முதலாக நின்றபோது, "அம்மா உன் உச்சி வகுடு தெரியுது" என்று கத்தினான். ஒருநாள் யாரையும் கேட்காமல் சரிவில் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே டீக்கடை வரை போய்விட்டான். நாங்கள் தேடி அலைந்து கண்டுபிடித்தபோது, வங்காளத்துப் பையனும் அவனும் ஆளுக்கொரு பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பியபோது எல்லோரும் அம்மாவைத் தெய்வம் என்றார்கள். இன்றும் இப்படிப்பட்ட தாய்மார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லில்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, தெய்வம் ராத்திரி தூங்க வேண்டாம். அம்மாவுக்கு இடுப்பு போயிற்று. தூக்கம் வாழ்நாள் முழுக்க இரண்டு மணி நேரத் துண்டுகளாகவே இருந்தது. கும்பிட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவராவது "இன்னிக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், நீ படுக்கா" என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும். அதைச் சொன்ன ஒரே மனிதர், பெயர் தெரியாத அந்த வங்காளத்துப் பெரியவர்தான்; அதுவும் வாயால் அல்ல. பார்த்துக்கொள்கிறவர்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பாகாயத்தில் அது இருந்தது. அடுத்த கட்டிலில் ஒருவர் விழித்திருப்பார். ஊரில் அது இல்லை.

ஊர் வந்த ஆடியில் அம்மா படவேட்டுக்குக் கிளம்பினாள். ரேணுகாம்பாளுக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்: மகனுக்குக் கால் வந்தால் வெள்ளித் தகட்டில் கால் செய்து போடுகிறேன் என்று. கால்தான் வரவில்லையே என்று அப்பா கேட்டார். "புள்ள வந்துட்டான் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆரணியில் சொல்லிச் செய்த இரண்டு வெள்ளிக் கால்களை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, அண்ணனையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். உண்டியலில் போட்டது அண்ணன்தான்.

அப்பா வீட்டு நிலைப்படியை இடித்துச் சரிவாக்கினார். கதவை அகலமாக்கினார். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தான். பிறகு டிவி, அதற்குப் பிறகு செல்போன். பாகாயத்தில் ரீஹாப் மேளா என்று பழைய ஆட்களை எல்லாம் திரும்ப வரவழைத்து வருடந்தோறும் நடத்துவார்கள். அதற்கு அவன் தவறாமல் போகப் பார்ப்பான். புதிதாக அடிபட்டு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவான். என்ன பேசினாய் என்று கேட்டால், "வண்டி டயருக்குக் காத்து எப்பிடி அடிக்கறதுன்னு" என்பான். வீட்டில் பத்திரிகையில் வந்த ஒரு படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் படம், கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் போன பிறகு அதைத் தொடங்கியவர். "எனக்காவது கை இருக்குது பாப்பா" என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் ஒருமுறை என் வாயை அடைத்தான்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது கொரோனாவுக்கு முந்தைய வருடம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் குழறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அண்ணன் எல்லாம் செய்து முடித்திருந்தான். தன் வண்டி நுழையும் அளவுக்கு இடம் விட்டு, தன் உயரத்துக்குச் சரியாகக் கட்டிலைப் போட்டிருந்தான். தண்ணீர் மெத்தை வந்திருந்தது. சின்னதும் பெரிதுமாக ஆறு தலையணை. சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு அதில் மணி, பக்கம், தோல் எப்படி இருக்கிறது என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டிருந்தான். கண்ணாடி அவன் மடியில் இருந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் அம்மா அப்படியே புரண்டு வருவாள். ஏறக்குறைய முப்பது வருடம் வண்டி தள்ளிய தோள் அது. அம்மா படுக்கையில் இருந்த அத்தனை மாதங்களில் அவள் உடம்பில் ஒரு புண் வரவில்லை. வந்து பார்த்த ஹெல்த் நர்ஸ் நம்பாமல் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் போய்ச் சேர்ந்தவள் பயணக் களைப்பில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கண் அசந்துவிட்டேன். அண்ணன் வண்டிச் சக்கரத்தால் என் காலை லேசாக முட்டி எழுப்பினான்.

"மணி ரெண்டாவுது. வலப்பக்கம் ஆச்சு, இப்ப மல்லாக்க. தலகாணிய எடு பாப்பா, குதிகாலு மெத்தைல படக்கூடாது. திருப்பிட்டு நீ போய்ப் படு, நாலு மணிக்கு நான் பாத்துக்கறேன்."